டின் ரயிலில் என் மச்சான்

நான் அந்த வாரம் படம் எழுதுகிறேனா, ரயில் செய்கிறேனா என்பதை எங்கள் தெருக்காரர்கள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. என் அக்காள் வீட்டுப் பூனையின் வாலைப் பார்ப்பார்கள். வால் நுனி மொட்டையாக இருந்தால் படம். ரோமம் வளர்ந்து புசுபுசுவென்று இருந்தால் ரயில். பூனை வாலின் ரோமத்தைக் கோழி இறகின் தண்டில் செருகிக் கட்டினால், அதைவிட மெல்லிய தூரிகை பாம்பனில் கிடைக்காது. அக்காளுக்கு மட்டும் விஷயம் தெரியாது. பூனைக்கு ஏதோ சீக்கு என்று நினைத்து வாலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "சீக்குதான் போல" என்று நானும் சொல்லிவைத்தேன்.

பாம்பன் ஸ்டேஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். லீவரை இழுத்துத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது, கைகாட்டியை இறக்குவது, கொடி காட்டுவது, இவைதான் வேலை. எங்கள் குடும்பம் கடலுக்குப் போகிற குடும்பம். எனக்கோ வள்ளத்தில் ஏறினால் கோயில் கோபுரம் கண்ணை விட்டு மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். எட்டாவது வரை படித்திருந்ததால், இவன் கடலுக்கு ஆகமாட்டான் என்று ரயில்வேயில் சேர்த்துவிட்டார்கள்.

எனக்குக் கூச்சம் அதிகம். எதிரே ஆள் வந்தால் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். ஸ்டேஷனில் எல்லோரையும் காலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டரின் இடது பூட்ஸ் கீச்சென்று கத்தும். பார்சல் குமாஸ்தாவுக்குச் சுண்டுவிரல் செருப்புக்கு வெளியே நிற்கும். ஐம்பத்தைந்து வயதில் வேலை முடிந்து அனுப்பும்போது பெரிய மாலையாகப் போட்டார்கள். முகத்தை மறைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் நாளே கை ஊறியது. சும்மா இழுத்துப் பார்க்க மரத்தில் சின்னதாக ஒரு லீவர் செய்தேன். லீவர் இருந்தால் அது எதையாவது இழுக்க வேண்டாமா? ஒரு பாயிண்ட் செய்தேன். பாயிண்ட் என்றால் இரண்டு பக்கமும் தண்டவாளம் வேண்டும். பாம்பன் காற்றில் எந்தக் குடையும் ஒரு மழைக்காலம் தாங்காது. தெருவெல்லாம் ஒடிந்த குடைகள். அவற்றின் கம்பிகளைப் பொறுக்கித் தண்டவாளம் போட்டேன். தண்டவாளம் போட்டுவிட்டு ரயில் விடாமல் இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பால்பவுடர் டின்னில் எஞ்சின், நூல்கட்டையில் சக்கரம், ஓடாத அலாரம் கடிகாரத்திலிருந்து கழற்றிய சுருள்வில். சாவி கொடுத்தால் பின்னறையின் மூலையிலிருந்து அரிசிப் பானை வரை ஓடும். பானையில் முட்டி நிற்கும். பிரேக் அதுதான்.

படம் வந்தது வேறு வழியில். ராமேஸ்வரம் கடைகளில் சிப்பியின் மேல் பேர் எழுதி விற்பதைப் பார்த்திருந்தேன். சிப்பியின் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். அதில் வேலம்பிசின் கரைத்து, கரியும் காவியும் துணிக்குப் போடும் நீலமும் குழைத்து, கட்டைவிரல் அளவில் எழுத ஆரம்பித்தேன். ஒரு கைகாட்டி மரம், ஒரு ஆட்டுக்குட்டி, தண்ணீர்த் தொட்டி. பெரிதாக எழுதினால் எட்ட நின்றே எல்லோரும் பார்ப்பார்கள். சின்னதாக எழுதினால் கிட்டே வந்தால்தான் தெரியும். என் கிட்டே வருகிறவர்கள் குறைவு.

இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் ஒரு இடம் சரியாக வராவிட்டால் ரயிலுக்கு ஓடிவிடுவேன். ரயில் தடம் புரண்டால் படத்துக்கு வந்துவிடுவேன். "ரெண்டு பொண்டாட்டி கட்டுனவன்கூட ஒரு வாரம் ஒரு வீட்டுல ஒழுங்கா இருப்பான்" என்றாள் என் மனைவி.

ஒருநாள் அக்காள் பின்னறைக்கே வந்து நின்றாள். அடுத்த வீடு அவளுடையது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் புருஷன், என் மச்சான், ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு வாடைக்காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளத்தின் பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

"ஏலே, நீ சிப்பியில ஆட்டுக்குட்டியெல்லாம் எழுதுறியாமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆட்டுக்குட்டி மூஞ்சி எழுதுறவனுக்கு ஒன் மச்சான் மூஞ்சி எழுத வராதா?"

கல்லறைத் திருநாள் வர இரண்டு மாதம் இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றும். கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் ஏற்றுவார்கள். எல்லார் திரியும் அங்கே ஒன்றாக எரியும். மேலத்தெருப் பெண் ஒருத்தி மட்டும் கொழும்பில் எடுத்த தன் புருஷன் போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

"போன வருசம் அவ என்ன சொன்னா தெரியுமா?" என்றாள் அக்காள். "இத்தனை திரி எரியுதே, ஒங்க வீட்டுக்காரருக்கு எது எரியுதுன்னு மேல இருந்து பாக்குற சம்மனசுக்கு எப்படி மதினி தெரியும்ங்குறா. இவ புருசன் போட்டோவுல இருக்கானாம், அதனால அவனத் தெரியுமாம். எம் புருசனத் தெரியாதாம். சம்மனசு என்ன, போட்டோ பாத்தா ஆளத் தேடுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவ கெடக்குறா. எனக்கே கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருதுலே. முந்தாநாளு நெனச்சுப் பாக்குறேன், மீசை வருது, மூஞ்சி வரமாட்டேங்குது. திருநாளைக்குள்ள எழுதிக் குடுத்துரு."

அக்காளிடம் முடியாது என்று சொன்ன பழக்கம் எனக்கு இல்லை. சரி என்றேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. மச்சானின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் பழகியவர். காலைக் கேட்டால் சொல்வேன். வலது பெருவிரல் நகம் கறுத்து இரண்டாகப் பிளந்திருக்கும். முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை.

அதனால் வள்ளத்திலிருந்து ஆரம்பித்தேன். கரையில் போய் உட்கார்ந்து, ஓடுகிற வள்ளங்களைப் பார்த்துப் பாயை எழுதினேன். அப்போது மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாய் கிழக்கே உப்பியிருந்தது; அப்படியே எழுதினேன். அடுத்தது ஆள். ஆள் என்றதும் எஞ்சினில் ஒரு சக்கரம் ஆடுவது ஞாபகம் வந்தது.

அந்தச் சக்கரத்தைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. பூனைக்கு வால் நன்றாக வளர்ந்தது. பிறகு சிப்பியை எடுத்தால் பாய்மரத்தின் உச்சியில் கொடி பாக்கி. மறுபடி கரைக்குப் போய், பார்த்து எழுதினேன். அதற்குள் காற்று மாறி வடகிழக்கிலிருந்து வாடை வந்துவிட்டது எனக்கு உறைக்கவில்லை. கொடி மேற்கே பறந்தது, மேற்கே எழுதினேன். மச்சானை வள்ளத்தில் நிற்கவைத்தேன், முதுகைக் காட்டி.

அக்காள் அதை வாங்கிக்கொண்டு நேரே வலை முடிகிற இடத்துக்குப் போனாள். நானும் பின்னால் போய்ப் பனைமர மறைவில் நின்றேன். சிப்பி ஒவ்வொரு கையாகப் போயிற்று. யாரும் ஆளைப் பார்க்கவில்லை.

"ஏலே, என்ன இது? பாய்க்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா?"

"ரயில்காரன் எழுதுன வள்ளம்ல. ரெண்டு லைன்ல ஓடுது."

"வழியில பாயிண்ட் மாத்திவிட்டுருப்பான்!"

அக்காள் சிப்பியைப் பிடுங்கிக்கொண்டு நான் நின்ற மரத்துக்கு வந்தாள்.

"இந்த வள்ளத்துல ஏறியிருந்தா ஒன் மச்சான் கரையிலயே முங்கியிருப்பாக. அது கெடக்கட்டும். மூஞ்சி எங்கலே?"

"அங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்காக, அக்கா."

"திரும்பச் சொல்லு."

வேறு வழியில்லாமல் விசாரணையில் இறங்கினேன். முதலில் என் மனைவி.

"மைனி வீட்டுக்காரர நான் எப்படி நிமிந்து பாப்பேன்? அவுக வந்தா கதவுக்குப் பின்னால நிப்பேன். செருமுனா அவுகதான்னு தெரியும். செருமல எழுத முடியுமா ஒங்களுக்கு?"

மச்சானோடு பதினைந்து வருஷம் ஒரே வள்ளத்தில் போனவரைக் கேட்டேன். அந்தக் கடைசி நாள் மட்டும் காய்ச்சலால் கரையில் தங்கிவிட்டவர். நிச்சயம் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

"நான் பின்னால சுக்கான் பிடிப்பேன், அவுக முன்னால இருப்பாக. முதுகக் கேளு, மச்சம் உட்பட சொல்லுறேன்."

முதுகுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. கடைசியில் சவரம் செய்கிறவரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையால் காற்றில் ஒரு முகத்தைச் சிரைத்துக் காட்டினார். "வலது கன்னத்துல இங்கன ஒரு பள்ளம். கத்தி இறங்கி ஏறும். தாடையில ஒரு சுழி. அங்கன எதிர்ச் சவரம் கூடாது. இம்புட்டுத்தான் தெரியும்."

பள்ளத்தையும் சுழியையும் வைத்துக்கொண்டு ஒரு முகம் எழுதினேன். அக்காள் பார்த்துவிட்டு, "இது நம்ம கோயில் உபதேசியார்ல?" என்றாள். இரண்டாவதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நீ. மீசை வச்ச நீ." மூன்றாவதைப் பார்த்ததும் அவள் குரல் கொஞ்சம் மாறியது. "இது யாருன்னு தெரியல. ஆனா நல்ல மனுசன் மாதிரி இருக்கான். ஒன் மச்சான் இல்ல."

திருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் ரயிலுக்கு ஓடிவிட்டேன்.

எஞ்சின் மட்டும் தனியாக ஓடுவது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி செய்ய உட்கார்ந்தேன். டின்னை வெட்டி மடித்து, காகிதப் பட்டையில் வரிசையாக ஜன்னல்களை எழுதி, வெளியே ஒட்டினேன். வெறும் ஜன்னல் பார்க்க நன்றாக இல்லை. ஆட்களை ஏற்றினேன். அது யாரும் கேட்ட முகம் இல்லை, அதனால் கை தானாக ஓடியது. கூடைக்காரி ஒருத்தி, தூங்குகிற ஒரு மொட்டைத்தலை, வெற்றிலை துப்புகிறவர் என்று அரை மணி நேரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அக்காள் பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வால் மொட்டை. என் மனைவி காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"ஏலே! சீக்குன்னு சொன்னியேலே! ஒரு படி வேப்பெண்ணெய் தடவியிருப்பேனே! வாயில்லாத சீவன், நக்கி நக்கிக் கசந்து அது சோறு திங்காமக் கெடந்துச்சு. ஒன்னை…"

நின்றுவிட்டது. அக்காள் திட்டுவதைப் பாதியில் நிறுத்தி நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பூனை கீழே குதித்து ஓடியது. அவள் குனிந்து பெட்டியின் மூன்றாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா இருக்காகளே," என்றாள்.

அந்த ஜன்னலில் ஒரு ஆள் தாழ்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கட்டைக்கு மேலே தலைமுடியும் நெற்றியும் இரண்டு கண்ணும்தான் தெரிந்தன. ஒரு புருவம் ஏறியிருந்தது. நான் அவரை நினைத்து எழுதவில்லை. ஆனால் அவர்தான்.

இதைச் சொல்வதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மச்சான் மண்டபத்திலிருந்து திரும்பும்போது டிக்கெட் எடுக்கமாட்டார். மச்சினன் ரயில்வேயில் இருக்கிறான் என்பதுதான் அவருடைய டிக்கெட். வண்டி பாம்பனில் வந்து நின்றதும் அப்படியே பலகையில் சறுக்கி இறங்கி, கண்ணை மட்டும் ஜன்னலுக்கு மேலே வைத்து என்னைத் தேடுவார். பரிசோதகர் பிளாட்பாரத்தில் நின்றால் நான் பச்சைக்கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். போய்விட்டால் கையில் எடுப்பேன். புருவத்தை ஒரு ஏற்று ஏற்றிவிட்டு, மறுபக்கமாக இறங்கிப் போய்விடுவார். கொடி சமாசாரம் என்பதால் அப்போது மட்டும் நான் அவரை நிமிர்ந்து பார்த்தாக வேண்டியிருந்தது. நான் பார்த்த முகம் அவ்வளவுதான்.

"பாதிதான் அக்கா இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். கீழ மீசை இருக்கும், அது எனக்குத் தெரியும்." விரலை ஜன்னலுக்குக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் எடுத்தாள். "இப்படித்தான், தப்புப் பண்ணிட்டு வந்தா கதவுக்குப் பின்னாலருந்து எட்டிப் பாப்பாக."

தனியாக ஒரு சிப்பியில் அதையே எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், நீ மறுபடி உபதேசியாரை எழுதிவைப்பாய் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திருநாள் அன்று சாயங்காலம், பெரிய சிலுவையடியில் நூறு மெழுகுதிரிகளுக்கு நடுவே ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி நின்றது. நூல்கட்டைச் சக்கரம் உருளாமல் இருக்க அக்காள் இரண்டு பக்கமும் கல் வைத்திருந்தாள். பக்கத்தில் மேலத்தெருக்காரியின் சட்டம். உப்புக்காற்றில் போட்டோவில் முகம் மஞ்சளாகிவிட்டது. ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய கோட்டு மட்டும் தெளிவாக இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள், சட்டத்தை முந்தானையால் துடைத்து வைத்தாள். நான் கூட்டத்தின் கடைசியில், ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் நின்றேன்.

பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகச் செபித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு சிலுவைக்கு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"இது என்னம்மா, சிலுவையடியில விளையாட்டுச் சாமான்?"

"எங்க வீட்டுக்காரரு, சாமி."

"ரயில் பெட்டியா?"

"மூணாவது ஜன்னலு."

சாமியார் அங்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நான் அந்த உயரமான ஆளோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஏம்மா இப்படித் தாழ்ந்து ஒளிஞ்சிருக்காரு?"

அக்காள் கொஞ்சமும் தயங்கவில்லை. "முழங்கால்ல நின்னு செபம் பண்றாக, சாமி."

எனக்குப் பக்கத்திலிருந்து யாரோ தும்முவது போல ஒரு சத்தம் செய்தார்கள். மச்சானோடு வள்ளத்தில் போனவர்தான். சாமியார் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தார். கையைச் செம்பில் விட்டார்.

தீர்த்தம்! பெட்டியின் ஜன்னல்கள் காகிதம். அதன் மேல் பிசினில் குழைத்த கரி. நாலு சொட்டு விழுந்தால் மச்சான் கறுப்பாக வழிந்து, கூடைக்காரியோடு கலந்துவிடுவார். இன்னொரு தடவை என்னால் அவரை எழுத முடியாது. எப்படி எழுதினேன் என்பதே எனக்குத் தெரியாது.

"சாமி, தீர்த்தம் வேண்டாம்!"

கல்லறைத் தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் யாருடையது என்று நானும் திரும்பிப் பார்க்கப் போனேன். அது என்னுடையது. அதற்குள் கால் தானாக ஓட, மெழுகுதிரிகளைத் தாண்டி, முழங்காலில் விழுந்து, பெட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டேன். சாமியாரின் கை நிற்கவில்லை. தீர்த்தம் முழுவதும் என் முதுகில் விழுந்தது. வேட்டி நுனி ஒரு மெழுகுதிரியில் பற்றிக்கொண்டதை மேலத்தெருக்காரிதான் அடித்து அணைத்தாள். கொஞ்சம் பலமாகவே அடித்தாள்.

"தீர்த்தம் வேண்டாம்னா என்னப்பா அர்த்தம்?" என்றார் சாமியார். "நீ நம்ம வேதத்துலதான் இருக்கியா?"

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. சாமியாரின் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "சாயம் போயிரும், சாமி" என்றேன்.

முதலில் சிரித்தது சாமியார்தான். அப்புறம் கூட்டம். அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு கையால் தள்ளி, பெட்டியைத் தூக்கி, வெளிச்சத்தில் மூன்றாவது ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அதைச் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நான் வெளியே தலைகாட்ட ஒரு வாரம் ஆயிற்று. எஞ்சின் திரும்பவும் தனியாகத்தான் அரிசிப் பானை வரை ஓடியது. பெட்டியைக் கேட்கலாமா என்று அக்காள் வீட்டுப் பக்கம் ஒரு காலையில் போனேன். வாடை மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. பெட்டி அவள் வீட்டு ஜன்னல் கட்டையில், தெருவைப் பார்த்து நின்றது. உள்ளேயிருந்து அக்காள் வேகமாக வந்தாள். நான் வேலியோரம் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"மழை வருதுல்ல? தெருவுல அப்படி என்ன வேடிக்கை? உள்ள வாங்க," என்று சொல்லிக்கொண்டே பெட்டியை உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினாள்.

நான் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.